தண்ணீர் பில்லில் ஒரு சாலை

தெருவுக்குத் தார் போடப் பணம் இல்லாத அமெரிக்க நகரங்கள், தண்ணீர் பில்லிலேயே அதற்கும் ஒரு தொகையைச் சேர்த்து வசூலிக்கின்றன. சில ஊர்களில் திட்டம் முப்பது ஆண்டுகளைத் தாண்டி ஓடுகிறது. சில ஊர்களில் நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது.

2017 பிப்ரவரி. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரம். பனியும் மழையும் மாறி மாறி அடித்த குளிர்காலம் ஓய்ந்துகொண்டிருந்தது. தெருவெங்கும் குழி. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, முகத்தை மூடிய கறுப்புத் துணி என்று ஒரு கூட்டம் தெருவில் இறங்கியது. இந்த உடுப்பு போர்ட்லாந்து மக்களுக்குப் பழக்கமானது. ஊர்வலம் என்றால் கடைக் கண்ணாடிகளைப் பதம் பார்க்கும் அனார்க்கிஸ்டுகளின் உடுப்பு அது. ஆனால் இந்த முறை வந்தவர்கள் மூட்டையில் அடைத்து விற்கும் தார்க் கலவையைக் கொண்டுவந்திருந்தார்கள். குழியில் கொட்டினார்கள், தட்டிக் கெட்டித்தார்கள், படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டுப் போனார்கள். தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'போர்ட்லாந்து அனார்க்கிஸ்ட் ரோடு கேர்'.

அரசாங்கமே கூடாது என்பவர்கள் அரசாங்கத்தின் பேட்ச் வொர்க்கைச் செய்கிறார்களே என்று ஊர் சிரித்தது. மாநகராட்சியின் போக்குவரத்துத் துறை சிரிக்கவில்லை. வண்டி ஓடும் சாலையில் நின்று இப்படிச் செய்வது ஆபத்து, எங்களிடம் விட்டுவிடுங்கள் என்றது. விட்டுவிடலாம்தான். ஆனால் தெருவைச் சரிசெய்யப் பணம் எங்கிருந்து வரும் என்று அந்தத் துறையும் நகர சபையும் பல ஆண்டுகளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்ததை ஊர் மறந்திருக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், 2014-ல், மேயர் சார்லி ஹேல்ஸும் போக்குவரத்துக்குப் பொறுப்பான ஆணையர் ஸ்டீவ் நோவிக்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வீடும் மாதம் சுமார் 12 டாலர் 'தெருக் கட்டணம்' கட்ட வேண்டும். கடைகளும் அலுவலகங்களும் அவரவர் அளவுக்கு ஏற்பக் கட்ட வேண்டும். பொது வாக்கெடுப்பு கிடையாது, நகர சபையே தீர்மானம் போட்டுவிடும் என்பது முதல் யோசனை. ஊர் கொதித்தது. சிறு கடைக்காரர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், நடுத்தர வருமானக்காரர்கள் என்று ஒவ்வொரு தரப்பும் ஒரு காரணத்தோடு வந்தது. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே தொகையா என்ற கேள்விக்குப் பதிலாக, வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் என்று மாற்றிப் பார்த்தார்கள். அதற்கும் எதிர்ப்பு. 2015 தொடக்கத்தில் திட்டத்தைத் தூக்கிப் பரணில் போட்டார்கள்.

இதே நகரம் 2008-லும் சாம் ஆடம்ஸ் ஆணையராக இருந்தபோது இப்படி ஒரு கட்டணத்தை முன்வைத்துப் பின்வாங்கியிருந்தது. ஆக, இது பழைய காயம்.

2015-ல் திட்டத்தைக் கைவிட்ட பிறகு நடந்தது வேடிக்கை. 2016 மே மாதம், ஒரு காலன் பெட்ரோலுக்கு 10 சென்ட் உள்ளூர் வரி போடலாமா என்று வாக்காளர்களிடமே கேட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்கு மட்டும், தெருவுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. குறுகிய வித்தியாசத்தில் ஜெயித்தது. 2020-ல் மறுபடி கேட்டார்கள், பெரும் ஆதரவு. 2024-ல் மூன்றாம் முறை, மறுபடியும் ஆதரவு. நோவிக் மட்டும் 2016 நவம்பர் தேர்தலில் பதவியை இழந்தார். தெருக் கட்டணத்தின் கசப்பு வாக்குச்சீட்டு வரை வந்தது என்று ஊரில் பேச்சு.

கஜானா ஏன் காலி?

அமெரிக்காவில் பெட்ரோல் மீது முதன்முதலில் வரி போட்ட மாநிலம் ஆரிகன்தான். 1919-ல், காலனுக்கு 1 சென்ட். ரோட்டைத் தேய்ப்பவர் ரோட்டுக்குப் பணம் தரட்டும் என்ற அந்த எளிய ஏற்பாடு நாடு முழுக்கப் பரவியது. பல பத்தாண்டுகள் நன்றாகவே ஓடியது.

சிக்கல் எங்கே என்றால், இந்த வரி விலையின் சதவீதமாக இல்லை, காலனுக்கு இத்தனை சென்ட் என்று நிலையாக நிற்கிறது. மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993-லிருந்து காலனுக்கு 18.4 சென்ட். இன்றைக்கும் அதே 18.4. இடைப்பட்ட விலைவாசி உயர்வில் அந்தப் பணத்தின் வாங்கும் சக்தி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆரிகனின் சொந்த வரியும் 1993 முதல் 2011 வரை 24 சென்டிலேயே நின்றது. அந்தப் பணத்திலும் ஏறத்தாழ பாதி மாநிலத்துக்கு, சுமார் 30 சதவீதம் கவுன்ட்டிகளுக்கு, மிச்சம் சுமார் 20 சதவீதம்தான் நகரங்களுக்கு. வண்டிகளோ குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடத் தொடங்கின. மின்சாரக் கார் வைத்திருப்பவர் பங்க் பக்கமே போவதில்லை.

சொத்து வரியை ஏற்றலாமே என்றால், அங்கே பூட்டு. 1990-லும் 1997-லும் ஆரிகன் வாக்காளர்கள் அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். வரிக்கான சொத்து மதிப்பு பொதுவாக ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. விஸ்கான்சின் மாநிலத்தில் வேறு வகைப் பூட்டு: உள்ளாட்சிகள் மொத்தமாக எவ்வளவு சொத்து வரி வசூலிக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு.

அமெரிக்காவின் பொதுச் சாலைகளில் முக்கால் பங்கு உள்ளாட்சிகளுடையது. நெடுஞ்சாலை திறப்பு விழாவுக்குத்தான் ரிப்பன் வெட்ட ஆள் வரும். வீட்டு வாசலில் இருக்கும் தெரு இந்தச் சிறிய கஜானாக்களை நம்பி நிற்கிறது.

தெருவும் ஒரு குழாய் மாதிரி

தண்ணீருக்குக் கட்டணம் வாங்குகிறோம், கழிவுநீருக்கு வாங்குகிறோம். 1974-ல் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரம் மழைநீர் வடிகாலுக்கும் தனிக் கட்டணம் கொண்டுவந்தது. அப்படியானால் தெருவுக்கு ஏன் கூடாது? 1984-ல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரம் இதைச் செய்து காட்டியது. அடுத்த ஆண்டே ஆரிகனின் லா கிராண்ட். பிறகு ஆஷ்லாண்ட், மெட்ஃபோர்டு என்று வரிசை நீண்டது. ஆரிகனில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்கள் இன்று ஏதோ ஒரு பெயரில் இதை வசூலிக்கின்றன. டெக்சாஸில் ஆஸ்டின், கார்ப்பஸ் கிறிஸ்டி போன்ற நகரங்களிலும் உண்டு.

தண்ணீருக்கு மீட்டர் இருக்கிறது. தெருவுக்கு ஏது? இங்கேதான் பொறியாளர்களின் கைவண்ணம். எந்தக் கட்டடத்துக்கு ஒரு நாளில் எத்தனை வண்டிப் பயணங்கள் வந்துபோகும் என்று போக்குவரத்துப் பொறியாளர்கள் சங்கம் ஒரு தடித்த கையேடு வைத்திருக்கிறது. வீடு, அடுக்ககம், மளிகைக்கடை, தேவாலயம், பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பிடித்துக் கட்டணம் போடுவதுதான் பெரும்பாலான ஊர்களின் வழக்கம். டிகார்ட் என்ற ஊர் வேறு வழியில் போனது. கடைகளும் அலுவலகங்களும் விதிப்படி எத்தனை வண்டி நிறுத்துமிடம் வைக்க வேண்டுமோ, அதை அளவாக எடுத்துக்கொண்டது.

---
பெட்டிச் செய்தி: ஒரு வீட்டுக்கு ஒன்பதரைப் பயணம்

● தனி வீடு ஒன்றுக்கு வேலை நாளில் சுமார் ஒன்பதரைப் பயணங்கள் என்பது கையேட்டுக் கணக்கு. போவது ஒன்று, வருவது ஒன்று. கூரியர்காரரும் விருந்தாளியும் சேர்த்தி.

● வண்டியில் உட்கார்ந்தபடியே பர்கர் வாங்கிப் போகும் கடைக்கு ஒவ்வொரு 1,000 சதுர அடிக்கும் நானூறுக்கு மேல். 3,000 சதுர அடிக் கடை என்றால் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சமம்.

● கடைக்காரரின் வாதம்: வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் வழியில் நின்று பர்கர் வாங்குகிறார். அந்தப் பயணம் ஏற்கெனவே அவர் வீட்டுக் கணக்கில் இருக்கிறது, என் தலையிலும் ஏன்? இதை ஏற்று, 'வழிப்போக்குப் பயணம்' என்று பல நகரங்கள் கழித்துக்கொடுக்கின்றன.
---

தேவாலயத்துக்கும் பில் வரும்

ஆஸ்டினிலும், போர்ட்லாந்தை ஒட்டிய ஹில்ஸ்பரோவிலும் நம் ஊர்க்காரர்கள் நிறைய. ஹில்ஸ்பரோவில் இன்டெலின் பெரிய வளாகங்கள் இருக்கின்றன. ஆஸ்டினில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. வாடகை வீடு பிடித்துக் குடியேறும் இளம் தம்பதி முதல் மாத பில்லைப் பிரித்தால், ஆஸ்டினில் ஒரே தாளில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், குப்பை, வடிகால் எல்லாம் அடுக்கியிருக்கும். அந்த அடுக்கில் 'தெருச் சேவை' என்றும் ஒரு தொகை. மாதம் பத்து டாலரைத் தாண்டிவிட்டது.

வீட்டுக்காரர் கட்ட வேண்டியதை நாம் ஏன் கட்டுகிறோம் என்று தோன்றலாம். நியாயமான கேள்வி. சொத்து வரி வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் வருகிறது. அதை வாடகையில் ஏற்றினாலும் நேரடியாகத் தெரியாது. இந்தக் கட்டணம் குழாயைத் திறப்பவர் பெயருக்கே வருகிறது. மாளிகைக்கும் சின்ன வீட்டுக்கும் பல ஊர்களில் ஏறக்குறைய ஒரே தொகை. போதாததற்கு, வருமான வரிக் கணக்கில் சொத்து வரியைக் கழித்துக் காட்டலாம், வீட்டு பில்லில் வரும் தெருக் கட்டணத்தைக் காட்ட முடியாது.

ஆஸ்டின் ஒரு சலுகை வைத்திருக்கிறது. 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களும், சொந்த வண்டி இல்லாமலும் வண்டி ஓட்டாமலும் இருப்பவர்களும் விண்ணப்பித்தால் விலக்கு. விண்ணப்பித்தால்தான். தானாக வராது. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவுக்கு வயது எழுபது ஆனாலும் பயனில்லை. பில் மகன் பெயரில் அல்லவா இருக்கிறது!

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தேவாலயம், தொண்டு நிறுவனம், தனியார் பல்கலைக்கழகம் இவற்றுக்கெல்லாம் சொத்து வரி கிடையாது. ஞாயிறு காலையில் தேவாலய வாசலில் நிற்கும் கார்கள் மட்டும் தெருவைத் தேய்க்காமலா வந்து சேர்ந்தன? கட்டணம் என்று வரும்போது அவர்களும் தண்ணீருக்குக் கட்டுவதைப் போலத் தெருவுக்கும் கட்டியாக வேண்டும். நகர நிர்வாகங்களுக்கு இந்த ஏற்பாடு இனிப்பதற்கு இது முக்கியக் காரணம். சண்டை கிளம்புவதும் இதே இடத்தில்தான். கான்சஸ் மாநிலத்தின் மிஷன் என்ற சிறிய ஊர் 2010-ல் இதைக் கொண்டுவந்தபோது தேவாலயங்கள் வழக்குக்குப் போயின. 'வாசல் வரி' என்று கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு வாடகைக் குடியிருப்பு உரிமையாளர்களின் சங்கம் வழக்கைத் தொடர, 2017-ல் கான்சஸ் உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டம் தடைசெய்த வரி இது என்று சொல்லிவிட்டது.

நல்ல தெருவுக்கே முதல் தார்

இந்தக் கட்டணத்தின் மிகக் கசப்பான விளைவு வசூலில் இல்லை, செலவில் இருக்கிறது. அதைப் பார்க்க டெக்சாஸ் கடலோரத்துக்குப் போக வேண்டும்.

கார்ப்பஸ் கிறிஸ்டி நகரம் களிமண் பூமி. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே இருக்கும் தார்ச்சாலை விரிசல் விடாமல் என்ன செய்யும்? பல ஆண்டுகள் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் தள்ளிப்போட்டதில் நகரத்தின் தெருக்கள் ஊர்ப் பேச்சாகிவிட்டன. 2014 தொடக்கத்திலிருந்து வீட்டுக்கு மாதம் 5.38 டாலர் தெருப் பராமரிப்புக் கட்டணம் பில்லில் ஏறியது.

பணம் கட்டத் தொடங்கியவர்கள் இயல்பாக எதிர்பார்த்தது என்ன? என் வீட்டு வாசலில் முழங்கால் ஆழக் குழி, முதலில் அதை மூடுவார்கள். வந்து சேர்ந்த தார் வண்டியோ அந்தத் தெருவைத் தாண்டிப் போய், பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத இன்னொரு தெருவில் நின்றது.

இதில் ஊழல் எதுவும் இல்லை. பொறியாளர்கள் கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள். தெருக்களின் ஆரோக்கியத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கியது. புதுச் சாலைக்கு 100. முதல் பல ஆண்டுகள் மதிப்பெண் மெதுவாக இறங்கும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் மடமடவென்று சரியும். சரிவதற்கு முன் விரிசலை அடைத்து, மேல்பூச்சுப் போட்டு, தேவைப்பட்டால் பழைய மேல்தாரைச் சுரண்டி எடுத்துப் புதுத் தார் விரித்துவிட்டால் சாலை இன்னும் பல ஆண்டு தாங்கும். ஓட்டு வீட்டில் விலகிய ஓட்டை அன்றே மாற்றுகிறவருக்கு உத்தரமும் மிஞ்சும், பணமும் மிஞ்சும். சரிந்த பிறகு தொட்டால் அடியோடு பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். செலவு பல மடங்கு.

கையில் இருக்கும் சின்னத் தொகையை மோசமான நான்கு தெருக்களுக்குக் கொட்டினால், அதற்குள் இன்னும் நாற்பது தெருக்கள் மோசமாகிவிடும். அதனால் கார்ப்பஸ் கிறிஸ்டி தன் கட்டணப் பணத்தை 'நன்று', 'பரவாயில்லை' என்று பெயர் வாங்கிய தெருக்களைக் காப்பாற்றவே ஒதுக்கியது. 'மோசம்' என்று முத்திரை விழுந்த தெருக்களை அடியோடு புதிதாகப் போடுவதற்குக் கடன் பத்திரம், சொத்து வரி என்று வேறு பணம் வர வேண்டும்.

கணக்கு சரி. ஆனால் இந்தக் கணக்கைக் குழிக்கு நடுவே குடியிருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கட்டுவது மாதாமாதம். பலன் அடைவது பக்கத்துத் தெருக்காரர், அதுவும் குறையே தெரியாத தெருவுக்கு. தண்ணீர்க் கட்டணம் கட்டினால் என் குழாயில் தண்ணீர் வரும். தெருக் கட்டணம் கட்டினால் என் தெருவில் தார் விழ வேண்டுமா, ஊரின் சராசரி மதிப்பெண் ஏற வேண்டுமா? கட்டணம் என்ற ஏற்பாடு முதலாவதை நம்ப வைக்கிறது, நிர்வாகம் இரண்டாவதைத்தான் தருகிறது. இதைத் தொடக்கத்திலேயே தெரு வாரியாகச் சொல்லாத நகரங்கள் பிற்பாடு ஒவ்வொரு கூட்டத்திலும் திட்டு வாங்குகின்றன. என் பார்வையில் அந்தத் திட்டு நியாயமானது.

நிர்வாகத்தின் பக்கம் சொல்ல ஒன்று உண்டு. பொதுக் கஜானாவில் விழும் பணம் எந்த ஆண்டும் போலீஸுக்கோ ஓய்வூதியத்துக்கோ திரும்பிவிடலாம். இந்தப் பணம் பெரும்பாலும் தெருவுக்கென்று பூட்டப்பட்டது. அடுத்த ஐந்தாண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் மேல்பூச்சு என்று திட்டம் போட்டு ஒப்பந்தம் விடலாம்.

உடைப்பது லாரி

இனி ஒரு பழைய சோதனை. 1958 முதல் 1960 வரை, இலினாய் மாநிலத்தின் ஆட்டவா என்ற ஊருக்குப் பக்கத்தில், வெறும் சோதனைக்காகவே சாலைகள் போட்டார்கள். ஆறு வளையங்கள். ஒன்றில் மட்டும் வண்டியே விடவில்லை, வெயிலும் பனியும் என்ன செய்யும் என்று பார்க்க. மற்றவற்றில் ராணுவ வீரர்கள் லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒவ்வொரு பாரம். சாலை எப்போது உடைகிறது என்று பொறியாளர்கள் குறித்துக்கொண்டே வந்தார்கள்.

அதில் கிடைத்த பாடம் இன்றைக்கும் சாலைப் பொறியியலின் அடிப்படை. அச்சில் இறங்கும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. எடையின் நான்காம் அடுக்கு. சாதாரணக் காரின் அச்சில் 1 டன் என்று வைத்துக்கொள்வோம். பாரம் ஏற்றிய லாரியின் அச்சில் 8 டன். எட்டை நான்கு முறை பெருக்கினால் 4,096. அதாவது அந்த ஓர் அச்சு ஒரு முறை போனால், கார் அச்சு நான்காயிரம் முறை போனதற்குச் சமம்.

இப்போது அந்த ஒன்பதரைப் பயணத்துக்குத் திரும்புவோம். கட்டணக் கணக்கு பயணங்களை எண்ணுகிறது, எடையைப் பார்ப்பதில்லை. காய்கறி வாங்கக் காரில் போகும் பாட்டியின் பயணமும் ஒன்று, சிமென்ட் ஏற்றிய லாரியின் பயணமும் ஒன்று. வீடுகள் நிறைந்த தெருவில் வாரம் ஒருமுறை வந்து போகும் குப்பை லாரிதான் அந்தத் தெருவின் மிகப் பெரிய சுமையாக இருக்கும். கார்களின் தேய்மானம் அதன் முன் ஒன்றுமில்லை. ஆஸ்டின் போல விலக்கு தராத ஊர்களில், வாசலில் கார் இல்லாமல் சைக்கிளில் போகிறவரும் அதே தொகையைக் கட்டுகிறார்.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவது: லாரி வருவதே வீட்டுக்காரருக்காகத்தானே, அவர் வாங்கிய கட்டிலும் பிரிட்ஜும் அதில்தானே வருகின்றன? உண்மைதான். ஆனால் லாரிக்காரரிடம் வசூலித்தால் அது சரக்கின் விலையில் ஏறி, அதிகம் வாங்குபவர் அதிகம் கட்டுவார். வீட்டுக்கு வீடு ஒரே தொகை என்றால் அந்த வித்தியாசம் அழிந்துபோகிறது.

எடைக்கு விலை போட முடியாது என்பதும் இல்லை. ஆரிகன் மாநிலமே அதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட லாரிகள் எடையையும் ஓடிய தூரத்தையும் வைத்து வரி கட்ட வேண்டும். போர்ட்லாந்து 2016-ல் பெட்ரோல் வரிக்கு மக்களிடம் போனபோது, கார்க்காரர்கள் மட்டும் கட்ட லாரிகள் தப்பித்துவிடக் கூடாது என்று, அந்த மாநில வரியையே அளவாக வைத்து ஒரு கனரக வாகன வரியையும் நகர சபை நிறைவேற்றியது. தெருக் கட்டணம் வசூலிக்கும் ஊர்களில் லாரிகளிடம் வாங்கும் இந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் காணாமல் போகிறது. லாரி நிறுவனங்களோடு மோதுவதைவிடத் தண்ணீர் பில்லில் ஏற்றுவது எந்த நகர சபைக்கும் சுலபம் அல்லவா?

டிக்கெட் இல்லாத பஸ்

ஆரிகனில் கொர்வாலிஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே தெருவுக்கு ஒரு கட்டணம் வாங்குகிறார்கள், பஸ்ஸுக்கு இன்னொன்று. 2011-லிருந்து அந்த ஊர் டவுன் பஸ்ஸில் யாருக்கும் டிக்கெட் இல்லை. ஏறலாம், இறங்கலாம். செலவை ஈடுகட்டத் தண்ணீர் பில்லில் ஒரு தொகை. தனி வீட்டுக்குக் குறைந்தபட்சம் மாதம் 2.75 டாலர். பெட்ரோல் விலையோடு அதைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். விலை ஏறினால் கட்டணமும் ஏறும். பெட்ரோல் ஏறும்போது பஸ்ஸுக்குக் கூட்டம் வரும், அப்போதே பஸ்ஸுக்குப் பணமும் வரும். கார் மட்டுமே ஓட்டுபவரும் கட்டுகிறார் என்று முணுமுணுப்பு இருந்தாலும், கட்டுகிற பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது பஸ் ஸ்டாப்பில் நின்றாலே தெரிகிறது. தெருக் கட்டணத்துக்கு இல்லாத வசதி இது.

நீதிபதிகள் முன்னால்

வரி என்றால் மாநிலச் சட்டம் அனுமதிக்க வேண்டும், பல இடங்களில் வாக்காளரும் அனுமதிக்க வேண்டும். கட்டணம் என்றால் நகர சபையின் தீர்மானமே போதும். அதனால் வழக்கு எங்கே போனாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது: கட்டுபவருக்குத் தனியாக ஒரு சேவை கிடைக்கிறதா, அல்லது எல்லோருக்கும் பொதுவான ஒன்றுக்கு அவர் பணம் கட்டுகிறாரா? குழாய்த் தண்ணீரை என் வீட்டில் மட்டும் நிறுத்த முடியும். தெருவை நிறுத்த முடியுமா? வெளியூர்க்காரரும் அதே தெருவில்தான் போகிறார், காசு கட்டாமல்.

---
பெட்டிச் செய்தி: ஒரே கேள்வி, வேறு வேறு தீர்ப்பு

● ஐடஹோ, 1988: போக்கடெல்லோ நகரத்தின் கட்டணம் செல்லாது. தெரு எல்லோருக்கும் பொது, அதற்கு வாங்குவது வரியே என்றது மாநில உச்ச நீதிமன்றம்.

● கொலராடோ, 1989: ஃபோர்ட் காலின்ஸின் கட்டணம் செல்லும். ஆனால் மிச்சப் பணத்தை நகரத்தின் மற்ற செலவுக்கு மாற்ற அனுமதித்த பிரிவு செல்லாது. அந்த நகரம் தெருவுக்காக விற்பனை வரிக்கு மாறிக்கொண்டது.

● ஃபுளோரிடா, 1994: போர்ட் ஆரஞ்ச் நகரத்தின் கட்டணம், சட்டம் அனுமதிக்காத வரி.

● வாஷிங்டன், 1995: சியாட்டில் நகரம் தனி வீட்டுக்கு மாதம் 2 டாலர் வாங்கியது செல்லாது. அது சொத்து வரியே.
---

கொலராடோ நீதிமன்றம் வைத்த நிபந்தனையை மற்ற மாநிலங்களின் நகரங்களும் கவனித்திருக்க வேண்டும். தெருவுக்கென்று வாங்கிய பணம் தெருவை விட்டு வெளியே போகாதவரைதான் அதற்குக் கட்டணம் என்று பெயர். ஆரிகனில் இத்தனை நகரங்கள் இத்தனை ஆண்டு வசூலிக்க முடிவதற்கு, நகரங்களுக்குத் தன்னாட்சி தரும் அந்த மாநிலத்தின் சட்டமும் ஒரு காரணம். அங்கே கட்டணம் ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறும்படி அமைத்துவிட்ட ஊர்களும் உண்டு. நகர சபை கை தூக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது. நிர்வாகத்துக்கு வசதியான ஒவ்வொரு ஏற்பாடும், கேள்வி கேட்க மக்களுக்குக் கிடைக்கும் ஒரு நாளைக் குறைத்துவிடுகிறது.

புக்கனன் ஊரின் கதை

மக்களைக் கேட்டுச் செய்தாலும் தோற்கலாம் என்பதற்கு விஸ்கான்சினில் உதாரணம் இருக்கிறது. அவுட்டகமி கவுன்ட்டியில் புக்கனன் என்ற சிறிய ஊர். சாலைகளைச் சீர்படுத்தப் பணம் வேண்டும், சொத்து வரி உச்சவரம்பு கையைக் கட்டியிருக்கிறது. ஊர் நிர்வாகம் மக்களிடம் கருத்து வாக்கெடுப்பு நடத்தியது. ஆதரவு கிடைத்தது. 2019-ல் போக்குவரத்துக் கட்டணம் வந்தது. அதே பொறியாளர் கையேடு, அதே பயணக் கணக்கு.

வரி செலுத்துவோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2023 ஜூன் 29 அன்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: சொத்து வைத்திருப்பவர்கள் மீது, அந்தச் சொத்தை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற மதிப்பீட்டின் பேரில் விதிக்கப்படும் இது சொத்து வரிதான். ஆகவே உச்சவரம்புக்குள் வர வேண்டும். ஊர் மக்கள் ஆதரித்தார்கள் என்பது சட்டத்தை மாற்றாது. அந்தத் தீர்ப்பு ஓர் ஊரோடு நிற்கவில்லை. மாநிலத்தில் இதே வழியில் போன ஊர்களும், போக நினைத்த ஊர்களும் தங்கள் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

இப்போது அப்படிப்பட்ட ஊர்களுக்கு மிச்சம் இருக்கும் வழிகள் சில. உச்சவரம்பைத் தாண்ட அனுமதி கேட்டு, சட்டம் சொல்லும் முறைப்படி வாக்கெடுப்புக்குப் போகலாம். ஊரில் பதிவாகும் கார்களுக்குத் தனி வரி போடலாம். கடன் வாங்கலாம். இல்லையென்றால் பழைய முறை. ஒரு தெருவைப் புதுப்பிக்கும் செலவை அந்தத் தெருவில் வீடு வைத்திருப்பவர்களிடமே பங்கு போட்டு வாங்குவது. மாதம் சில டாலர் கேட்டதற்கு வழக்கு நடந்த மாநிலத்தில், வீட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் என்று தபாலில் வரும் அந்த பில் முழுக்கச் சட்டப்படியானது.